அயனம்பாக்கத்திலிருந்து புனேவுக்கு: சாமான் ஒரு வழி, கார் ஒரு வழி

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. வேலை புனேயில், முப்பது நாளில் சேர வேண்டும். சென்னை அயனம்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வாடகை வீடு, டி.என்.13 நம்பரில் ஒரு கார், ஒரு ஸ்கூட்டர், கல்யாணம் ஆனதிலிருந்து சேர்ந்த சாமான். இந்த நிலையில் இருப்பவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நம் பகுதியில் இது அடிக்கடி நடக்கிற சங்கதி. அம்பத்தூர் எஸ்டேட், திருமுடிவாக்கம், ஸ்ரீபெரும்புதூர் என்று இங்கே உள்ள வாகனத் தொழிலுக்கும், அங்கே பிம்ப்ரி–சிஞ்ச்வட், சாகன் பக்கம் உள்ள வாகனத் தொழிலுக்கும் கொடுக்கல் வாங்கல் நெடுநாள் பழக்கம். தரக் கட்டுப்பாட்டு இன்ஜினியரோ கொள்முதல் மேலாளரோ இங்கிருந்து அங்கே போவதும் அங்கிருந்து இங்கே வருவதும் சகஜம். ஆவடிப் பக்கம் கேட்கவே வேண்டாம். 2021 அக்டோபர் 1 முதல் ஏ.வி.என்.எல். (ஆர்மர்டு வெஹிகிள்ஸ் நிகம்) என்ற பெயரில் இயங்கும் பொதுத்துறை நிறுவனத்துக்குத் தலைமையகம் ஆவடி. அதன் மற்ற ஆலைகள் மேடக்கிலும் ஜபல்பூரிலும் அம்பர்நாத்திலும் இருக்கின்றன.

இளைஞர்கள் பலர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: “ஒரு லாரியை வாடகைக்கு எடுத்து, சாமானை ஏற்றி, பின்னாலேயே காரையும் கட்டி இழுத்துக்கொண்டு நாமே ஓட்டிப் போனால் என்ன?” அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ சித்தப்பா மகனோ அப்படிப் போனதைப் பார்த்திருப்பார்கள். அங்கே அது வழக்கம்தான். யூ-ஹால் நிறுவனம் 1945லிருந்து இதையே தொழிலாகச் செய்கிறது. 26 அடி லாரியைக்கூடச் சாதாரணக் கார் லைசென்ஸில் எடுக்கலாம். ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விடலாம். காரை ஏற்றி இழுக்கத் தனி டிரெய்லரும் கிடைக்கும். அங்கே டல்லாஸிலிருந்து சியாட்டிலுக்கு மாறும் தமிழர்களுக்கு அதுதான் சிக்கனமான வழி.

இங்கே அது நடக்காது. தடையாக இருப்பது லைசென்ஸ் அல்ல. எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை, இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவரே தனி ஒப்புதல் இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று சொல்லிவிட்டது. ஆனால் அந்த வண்டியை உங்கள் கையில் வாடகைக்குக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. நாமே ஓட்டும் வாடகை வண்டிக்கென மத்திய அரசு கொண்டுவந்த திட்டங்கள் 1989இல் காருக்கும் 1997இல் மோட்டார் சைக்கிளுக்கும் வந்தவை. லாரி டிரைவரோடுதான் வரும். காரைக் கட்டி இழுப்பதும் நம் சாலை விதிகளில் பழுதான வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோவதற்கான ஏற்பாடு மட்டுமே. இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 1,200 கிலோமீட்டரை அந்த வேகத்தில் கடக்கப் பார்ப்பவர் யாரும் இல்லை.

ஆகவே இங்கே வீடு மாற்றல் என்பது மூன்று தனிப் பயணம். சாமான் லாரியில் போகும். கார் கேரியரிலோ உங்கள் கையிலோ போகும். வீட்டு ஆட்கள் ரயிலிலோ விமானத்திலோ போவார்கள். மூன்றையும் ஒரே நாளில் ஒரே வண்டியில் முடிக்கப் பார்க்கிறவர்தான் செலவும் கூடுதலாகச் செய்கிறார், அலைச்சலும் படுகிறார். மூன்றுக்கும் தனித்தனித் தேதி போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

லாரிக்காரருக்கு முன்னால் ஹெச்.ஆர்.

சம்பளம் பேசும்போது காட்டும் கறாரை இடமாற்றச் செலவு பேசும்போது பலர் காட்டுவதில்லை. “ரீலொகேஷன் உண்டு சார்” என்று சொன்னதும் சரி என்று விட்டுவிடுகிறார்கள். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சில விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மொத்தமாக ஒரு தொகையா, பில் காட்டினால் பணமா? மொத்தத் தொகை என்றால் அது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். கையில் வருவது குறைவாகவே இருக்கும். நிறுவனத்துக்குள்ளேயே மாற்றலாகிப் போகிறவர் என்றால், மாற்றலுக்கான பயணம், பேக்கிங், சாமான் போக்குவரத்து ஆகியவற்றுக்குத் தரும் படியில் உண்மையில் செலவான தொகைக்கு வருமான வரி இல்லை. புதிய வரி முறையிலும் இந்தச் சலுகை உண்டு. பில் இருந்தால்தான் அது உதவும்.

கார் சேர்த்தியா இல்லையா? “ஹவுஸ்ஹோல்டு கூட்ஸ்” என்று மட்டும் எழுதியிருந்தால் கார் அதில் வராது என்று பிறகு சொல்லிவிடுவார்கள். “ஒரு கார், ஒரு இருசக்கர வாகனம்” என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். மத்திய அரசு ஊழியருக்கு இது விதியிலேயே தெளிவாக இருக்கிறது: ஊதிய நிலை 6 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு கார் அல்லது ஒரு பைக் கொண்டுபோகலாம், சாமான் கட்டும் செலவுக்காகக் கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் மானியமும் உண்டு. தனியார் நிறுவனத்தோடு பேசும்போது இந்த விதியை ஓர் அளவுகோலாக முன்வைப்பதில் தவறே இல்லை.

யாருடைய பில் செல்லும்? சில நிறுவனங்கள் தாங்கள் ஒப்பந்தம் போட்ட பேக்கர்ஸை மட்டும் ஏற்கும். சில, இந்திய வங்கிகள் சங்கத்தின் பட்டியலில் உள்ள போக்குவரத்து நிறுவனத்தின் பில்லைக் கேட்கும். சாமான் போய்ச் சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டால் பயனில்லை.

ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் இந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை அநேகமாக இருக்கும். அந்தத் தொகை மாதத்துக்கு மாதம் குறையுமா, முழுவதுமாகவே திருப்ப வேண்டுமா என்று கேளுங்கள். குறையும்படி எழுதித் தரச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இன்னொன்று, ரொக்கம். இங்கே கொடுத்த அட்வான்ஸ் வீட்டைக் காலி செய்து சாவி கொடுத்த பிறகுதான் திரும்ப வரும். அங்கே டெபாசிட்டை முன்கூட்டியே கட்ட வேண்டும். நடுவில் லாரிக்காரருக்கும் முன்பணம். இந்த ஒரு மாதம் கைச்செலவு இறுக்கிப் பிடிக்கும். சேருவதற்கு முன்பே ஒரு பகுதியை விடுவிக்க முடியுமா என்று ஹெச்.ஆர்.இடம் கேட்பது கௌரவக் குறைச்சல் அல்ல.

தேதியை அந்த ஊர் வாசலிலிருந்து எண்ணுங்கள்

நம்மவர்கள் வழக்கமாகக் கணக்கைத் தொடங்குவது இங்கே வீடு காலி செய்யும் நாளிலிருந்து. லாரி கிளம்பிவிடும், அங்கே வாசலில் போய் நிற்கும்போதுதான் சிக்கல் ஆரம்பமாகும். புனேயில் பெரும்பாலும் அடுக்கு மாடிக் குடியிருப்புகள். “சொசைட்டி” என்பார்கள். பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இல்லாமல் பல சொசைட்டிகள் சாமானை உள்ளே விடாது. மகாராஷ்டிரத்தில் இந்த ஒப்பந்தத்துக்கு “லீவ் அண்ட் லைசென்ஸ்” என்று பெயர். 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அதைப் பதிவு செய்வது கட்டாயம். இங்கே பத்திரத்தில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, மடித்து வைத்துக்கொள்வதுபோல அங்கே செல்லாது. ஆன்லைனிலேயே கைரேகை வைத்துப் பதிவு செய்துவிடலாம் என்பது ஆறுதல். வாடகைதாரர் விவரத்தைப் போலீஸில் பதிவு செய்த தாளையும் கேட்பார்கள்.

அதோடு சாமான் ஏற்றி இறக்க நேரக் கட்டுப்பாடு, சரக்கு லிப்ட்டுக்குத் தனிக் கட்டணம், ஞாயிற்றுக்கிழமை கூடாது என்பது போன்ற விதிகள். வாட்ச்மேன் உள்ளே விடாமல் லாரி தெருவில் நின்றால் நாளுக்கு இவ்வளவு என்று ஹால்டிங் கட்டணம் ஏறும். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: ஒப்பந்தப் பதிவு முதலில், சொசைட்டி அலுவலகத்தில் சாமான் இறக்கும் நாளுக்கான அனுமதி அடுத்து, அந்த நாளிலிருந்து நான்கைந்து நாள் பின்னோக்கி எண்ணி இங்கே லாரி ஏற்றும் நாள். ஒரே வீட்டுச் சாமானை மட்டும் ஏற்றிய லாரி புனே போக மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். பல வீட்டுச் சாமானைச் சேர்த்துக் கட்டும் பகிர்வு லோடு என்றால் இரண்டு வாரமும் ஆகலாம்.

ஆடி மாதத்தில் குடி போகக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். கம்பெனியோ ஜூலையில் வந்து சேர் என்கிறது. இதற்குப் பெரியவர்கள் கண்டுபிடித்த வழியே போதும். ஆனியில் ஒரு நல்ல நாளில் போய், விளக்கு, உப்பு, ஒரு குடம் தண்ணீர் வைத்துப் பால் காய்ச்சிவிட்டு வந்துவிடுங்கள். ஒப்பந்தப் பதிவையும் சொசைட்டி அனுமதியையும் அதே பயணத்தில் முடித்துவிடலாம். பிறகு சாமான் ஆடியில் போனாலும் மனத்தில் உறுத்தல் இருக்காது. லாரி வாடகையும் அப்போது இறங்கியிருக்கும். ஆவணியிலும் தையிலும் மாதக் கடைசிகளிலும் கேட்கும் விலையை ஆடியில் யாரும் கேட்பதில்லை.

மழைக் கணக்கு ஊருக்கு ஊர் வேறு. நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். புனேவுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் ஜூன் முதல் செப்டம்பர். இங்கே வெயில் கொளுத்துகிறதே என்று தார்ப்பாய் கட்டிய திறந்த லாரிக்கு ஒப்புக்கொண்டால், பெலகாவி தாண்டியதும் மெத்தை நனையும். அந்த மாதங்களில் மூடிய கன்டெய்னர் வண்டிதான் சரி.

லாரி பேசுவது

ஒரு படுக்கையறை வீட்டுச் சாமானுக்கு 14 அடி ஈச்சர் போதும். இரண்டு படுக்கையறைக்கு 17 அடி. அதற்கு மேல் 19, 20 அடி கன்டெய்னர். போனில் “மொத்தம் எவ்வளவு” என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டுக்கு ஆளை வரச் சொல்லி, பரண் உட்பட எல்லாவற்றையும் காட்டி, என்ன வண்டி, தனி வண்டியா பகிர்வா, பேக்கிங், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எத்தனையாவது மாடி என்று பிரித்து எழுதி வாங்குங்கள். பரணில் இருப்பதை மறைத்து விலை பேசினால், ஏற்றும் நாளில் அவர்கள் விலையை ஏற்றுவார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அயனம்பாக்கத்து உட்தெருக்களின் அகலம் உங்களுக்கே தெரியும். தாழ்வாகத் தொங்கும் ஒயர், ஓரத்தில் நிற்கும் வண்டிகள், திருப்பத்தில் டிரான்ஸ்பார்மர். 19 அடி வண்டி வானகரம்–அம்பத்தூர் சாலையிலேயே நின்றுவிடும். அங்கிருந்து வீடு வரை குட்டி யானையில் நடை அடிக்க வேண்டும். இந்தக் கூடுதல் செலவைப் பேச்சு வார்த்தையிலேயே சேர்த்துவிடுங்கள். வண்டி வரும் நாளுக்கு முந்தின இரவே வாசலில் இரண்டு பைக்கையும் ஒரு கயிற்றையும் வைத்து இடம் பிடித்து, அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி வைப்பது நல்லது.

விலையைக் குறைக்க உண்மையான வழி ஒன்று உண்டு: ரிட்டர்ன் லோடு. புனேயிலிருந்து இங்கே சரக்கு கொண்டுவந்த வண்டி வெறுமையாகத் திரும்ப விரும்பாது. நம் எஸ்டேட்டுக்கே அப்படி வண்டிகள் வருகின்றன. உங்கள் கம்பெனி டெஸ்பாட்ச் பிரிவில் உள்ள அண்ணனைக் கேட்டால் மகாராஷ்டிரப் பதிவு வண்டி வைத்திருக்கும் லாரி செட்காரரின் நம்பர் கிடைக்கும். ஆனால் அவர்கள் பேக்கிங் செய்ய மாட்டார்கள். அதை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். நேரம் இருப்பவருக்கு இது லாபம். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு என்றால் பேக்கர்ஸே நல்லது.

எதைக் கொண்டுபோவது என்பதில் என் கருத்து கறாரானது. மலிவுப் பலகையில் செய்த கட்டிலும் அலமாரியும் ஒருமுறை பிரித்து மாட்டினால் திருகு பிடிக்காது; இங்கேயே விற்றுவிடுங்கள். டேபிள்டாப் கிரைண்டரை மட்டும் விட்டுப் போகாதீர்கள். கல்லைத் தனியாக எடுத்து, துணி சுற்றி, வேறு பெட்டியில் வையுங்கள். ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்துக் காயவிட்டு, நிமிர்த்தியபடியே ஏற்றச் சொல்லுங்கள். இறக்கிய பின் சில மணி நேரம் கழித்தே ஸ்விட்ச் போடுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு, வாங்கும்போது பின்னால் இருந்த டிரான்சிட் போல்ட்டுகளைத் தேடி எடுத்து மாட்டுங்கள். இல்லையேல் உள்ளே டிரம் ஆடி அடிபடும். கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, டெர்மினேஷன் வவுச்சர் பெற்றுக்கொள்ளுங்கள்; அதைக் காட்டி அங்கே புது இணைப்பு எடுக்கலாம். நகை, பத்திரம், சான்றிதழ், மடிக்கணினி உங்கள் கைப்பையில்.

ஒரு தாள், அதில் நான்கு கட்டங்கள்

ஏற்றி முடித்ததும் சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டுவார். லாரி ரசீது; எல்.ஆர். என்பார்கள், வடக்கே பில்டி. எல்லோரும் களைத்திருக்கும் நேரம், படிக்காமல் கையெழுத்துப் போடுவோம். அங்கேதான் நிதானம் வேண்டும்.

வண்டி எண் கட்டத்தில் வாசலில் நிற்கும் வண்டியின் எண்ணேதானா என்று பாருங்கள். போன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் வண்டியின் பதிவு விவரம் வந்துவிடும். எண்ணிக்கைக் கட்டத்தில் “வீட்டுச் சாமான் 1 லோடு” என்று எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். பெட்டிக்கு எண் போட்டு, பீரோ ஒன்று, மெத்தை இரண்டு என்று பட்டியல் தனியாக இணைய வேண்டும். அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றின் எதிரிலும் “கீறல்”, “பழையது”, “நெளிவு” என்று அவர்கள் குறித்துக்கொண்டே போவார்கள். உண்மையில் கீறல் இல்லாத பொருளுக்கு அந்தக் குறிப்பை அங்கேயே அடிக்கச் சொல்லுங்கள். பிறகு சேதம் கேட்கும்போது முதலில் காட்டப்படுவது அந்தக் குறிப்புதான்.

மூன்றாவது, மதிப்புக் கட்டம். 2007ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் விதிகளும் சொல்வது இது: நீங்கள் கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்கான கட்டணம் கட்டாதவரை, சரக்கு காணாமல் போனாலும் சேதமானாலும் வண்டிக்காரரின் பொறுப்பு, வாடகையின் பத்து மடங்கு வரைதான். அறிவித்த மதிப்பே அதைவிடக் குறைவு என்றால் அவ்வளவுதான் கிடைக்கும். கட்டணத்தை மிச்சப்படுத்த “மதிப்பு ஐயாயிரம்” என்று எழுதியவர்களுக்குக் கிடைக்கக்கூடியது அந்த ஐயாயிரமே. நான்காவது, எஃப்.ஓ.வி. என்று ஒரு வரி இருக்கும். பலர் இதையே இன்ஷூரன்ஸ் என்று நம்புகிறார்கள். இது வண்டிக்காரர் தம் பொறுப்பை ஏற்பதற்கு வாங்கும் பணம். டிரான்சிட் இன்ஷூரன்ஸ் என்றால் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் உங்கள் பெயரும் உள்ள சான்று வேண்டும். அது கையில் வராமல் இன்ஷூரன்ஸ் போட்டாகிவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நடுவழியில் ஒரு போன் வரலாம்: “சார், செக்போஸ்ட்ல மடக்கிட்டாங்க, என்ட்ரி டேக்ஸ் கட்டணும், உடனே அனுப்புங்க.” பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை என்று ஜி.எஸ்.டி. விதியிலேயே விலக்கு இருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில எல்லை வரிச் சாவடிகளும் போய்விட்டன. பிரிக்காத புதுப் பெட்டி டி.வி. இருந்தால் அதன் பில்லை மட்டும் டிரைவரிடம் கொடுத்தனுப்புங்கள். பணத்தை முன்பணம், ஏற்றியதும், இறக்கியதும் என்று பிரித்துக் கொடுங்கள். அடிமட்ட விலை சொல்லி முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்பவரிடம் போகவே வேண்டாம்.

இறக்கும்போது சேதம் தெரிந்தால், டெலிவரித் தாளிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், படம் எடுங்கள். புக்கிங் நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் பிறகு வழக்குப் போட வழியில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். அதற்காக இங்கே ஓடிவர வேண்டாம். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள்.

கார்: ஏற்றி அனுப்பவா, ஓட்டிப் போகவா?

சாமான் லாரியிலேயே பின்பகுதியில் காரையும் ஏற்றித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். நடுவில் தடுப்பு வைத்த பெரிய கன்டெய்னர் என்றால் பார்க்கலாம். தடுப்பில்லாமல் பீரோவும் காரும் ஒரே பெட்டியில் 1,200 கிலோமீட்டர் குலுங்கிப் போவது வேண்டாம்.

கார் கேரியர் என்பது ஆறேழு கார்களை அடுக்கிப் போகும் நீண்ட வண்டி. அது உங்கள் தெருவுக்கு வராது. ஒரு டிரைவர் வந்து காரைப் பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து யார்டுக்கு ஓட்டிப் போவார். சாவியைக் கொடுக்கும்போதே கிலோமீட்டர் மீட்டரைப் படம் எடுங்கள். நான்கு பக்கமும் கூரையும் டயரும் பகலில் படம் எடுங்கள். காரைக் கழுவிவிட்டு எடுத்தால்தான் கீறல் தெரியும். பெட்ரோல் கால் டேங்க் போதும். டிக்கியில் சாமான் நிரப்பி அனுப்பாதீர்கள். அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஃபாஸ்டேக் அட்டையை அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் கேரியர் சுங்கச்சாவடியைக் கடக்கும்போது உங்கள் அட்டையும் படிக்கப்பட்டுப் பணம் பிடிபடும்.

காருக்குத் தனியாக இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று கேட்பார்கள். உங்கள் பாலிசி முழுக் காப்பீடாக இருந்தால், சாலை, ரயில் வழியே ஏற்றிக் கொண்டுபோகும்போது ஏற்படும் சேதமும் அதில் அடங்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் அடங்காது. ஸ்கூட்டரைச் சென்ட்ரல் பார்சல் அலுவலகத்தில் போடுவது எளிது: டேங்கைக் காலி செய்து, சாக்கு சுற்றி, ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகல், அடையாள அட்டை கொண்டுபோனால் போதும்.

ஓட்டத் தெரிந்த இன்னொருவர் கூட இருந்து, இரண்டு நாள் கையில் இருந்தால், நான் ஓட்டிப் போவதையே சொல்வேன். வானகரத்தில் ஏறும் தேசிய நெடுஞ்சாலை 48 நேரே புனே வழியாகத்தான் டெல்லிக்குப் போகிறது. வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர். பெங்களூருக்குள் நுழையாமல் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் நைஸ் சாலையில் ஏறித் தும்கூர் சாலையில் இறங்குங்கள். சித்ரதுர்கா அல்லது தாவணகெரேயில் இரவு தங்கல். மறுநாள் ஹுப்ளி, பெலகாவி, கோலாப்பூர், சாத்தாரா. சாத்தாராவுக்கும் புனேவுக்கும் நடுவே கம்பட்கி மலைப்பாதை வரும். அதை வெளிச்சத்தில் கடப்பதுபோலக் கிளம்புங்கள். அயனம்பாக்கத்தில் விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால் ஸ்ரீபெரும்புதூர் நெரிசலும் இருக்காது. அடிக்கடி ஊர் வந்து போகிறவர், 2025இல் 3,000 ரூபாய்க்கு வந்த, ஓராண்டு அல்லது 200 கடவைக்கான ஃபாஸ்டேக் வருடாந்திரப் பாஸை எடுத்துக்கொள்வது லாபம். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டும் அது செல்லும், நைஸ் சாலைக்குச் செல்லாது.

ஒரு எச்சரிக்கை: வேலையில் சேரும் நாளுக்கு முந்தின இரவு போய்ச் சேர்வதுபோல ஓட்டாதீர்கள். இரண்டு நாள் ஸ்டியரிங் பிடித்த கையோடு முதல் நாள் அலுவலகத்தில் உட்காருவது உடம்புக்கும் நல்லதல்ல, வேலைக்கும் நல்லதல்ல.

நம்பர் பலகை

டி.என். பலகையோடு வேறு மாநிலத்தில் 12 மாதம் வரை ஓட்டலாம். அதற்கு மேல் தங்குவதானால் அந்த மாநில எண்ணுக்கு மாற வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு இங்கே அம்பத்தூர் ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று கேட்பார்கள். அபராதச் சலான் எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. கார் கடன் இருந்தால் வங்கியின் கடிதம் வேண்டும். வங்கிக் கடிதம்தான் பலருக்கு இழுத்தடிக்கும். நோட்டீஸ் கொடுத்த வாரத்திலேயே அதைக் கேட்டு எழுதிவிடுங்கள். அங்கே போய்ப் படிவம் 27இல் விண்ணப்பித்து, காரின் வயதைக் கழித்துக் கணக்கிட்ட வரியைக் கட்டினால் புது எண் வரும்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாநிலம் மாறுகிற வேலை என்றால் பி.ஹெச். வரிசை எண்ணைப் பாருங்கள். 2021 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசு, பொதுத்துறை ஊழியர்களும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் கேட்கலாம். தனியார் ஊழியருக்கு நிறுவனம் படிவம் 60 தர வேண்டும். வரியை இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டினால் போதும். ஏற்கெனவே பதிவான காரையும் மாற்றிக்கொள்ள பின்னர் வழி செய்தார்கள். உங்கள் ஆர்.டி.ஓ.வில் விசாரித்துவிட்டு ஹெச்.ஆர்.இடம் படிவத்தைக் கேளுங்கள். புனேவுக்குப் பதில் குருகிராமோ நொய்டாவோ என்றால் காரின் வயதைப் பாருங்கள். பத்து வருடம் தாண்டிய டீசல் காருக்கும் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் காருக்கும் டெல்லி வட்டாரத்தில் 2015இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018இல் உச்ச நீதிமன்றமும் போட்ட தடை, பிறகு பலமுறை மாறி வந்திருக்கிறது. வயதான கார் என்றால் அந்தச் சிக்கலில் தலையைக் கொடுக்காமல் இங்கேயே விற்றுவிட்டுப் போவது மேல்.

மகாராஷ்டிர எண் கிடைத்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். பெரும்பாலோர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் காருக்குக் கட்டிய ஆயுள் வரியில், கழியாத ஆண்டுகளுக்கான பங்கைத் திரும்பக் கேட்கலாம். புது ஆர்.சி. நகல், அங்கே வரி கட்டிய ரசீது, தடையில்லாச் சான்றின் நகல், இங்கே வரி கட்டிய பழைய ரசீது, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்து, பொங்கலுக்கு ஊர் வரும்போது ஒரு நாள் முன்னதாக வந்து அம்பத்தூர் ஆர்.டி.ஓ.வில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.